பவளப்பாறை மீனின் நஞ்சு: அண்டை நாடுகள் சேர்ந்து என்ன செய்ய முடியும்?

ஜெலுத்தோங் வாசகி (பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் தலைக் கறி வைத்தோம். பசாரில் இக்கான் மேரா என்னும் சிவப்பு மீனின் பெரிய தலை ஒன்று கிடைத்தது. செவுள் சிவந்து, கண் தெளிந்து, எந்தக் குறையும் சொல்ல முடியாத மீனாக இருந்தது. அன்று மாலையே என் மாமியாருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. மறுநாள் வயிறு அடங்கிவிட்டது. ஆனால் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போயின. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்ப் புட்டியைத் தொட்டவர், கை சுட்டுவிட்டது என்று அதைக் கீழே போட்டுவிட்டார். குளிர்ந்த நீர் எப்படிச் சுடும் என்று நாங்கள் திகைத்து நின்றோம்.

அழைத்துச் சென்ற கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று எழுதி மருந்து கொடுத்தார்கள். மரத்துப்போவதையும் தண்ணீர் சுடுவதையும் சொன்னபோது, வயதானவர்களுக்கு நரம்புத் தளர்ச்சி வருவது இயல்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஆறு வாரங்கள் அவர் தூக்கமில்லாமல் அரிப்பால் அவதிப்பட்டார். அன்று தலையின் கன்னச் சதையையும் கண்ணைச் சுற்றியிருந்த பகுதியையும் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். குழம்பும் சிறு துண்டும் மட்டும் சாப்பிட்ட எங்களுக்கு வயிறு சற்றுக் கலங்கியதோடு சரி.

தாதியாக வேலை செய்யும் என் அண்ணன் மகள்தான் சிகுவாட்டெரா என்ற பெயரை முதலில் சொன்னாள். பவளப்பாறை மீன்களில் சேரும் நஞ்சால் வரும் நோயாம் அது. மீன் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். சபாவாக இருக்கலாம், இந்தோனேசியாவாக இருக்கலாம், பெட்டியில் வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேறொரு நாட்டின் பவளப்பாறையில் உருவான நஞ்சு எங்கள் வீட்டுச் சட்டிக்கு வந்து சேரும்போது அதைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது? நம் வட்டார நாடுகள் இதற்காகச் சேர்ந்து ஏதேனும் செய்கின்றனவா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

ஆய்வகப் பணியாளர் (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் அக்கா. உங்கள் மாமியார் பட்ட துன்பத்தைப் படித்தபோது மனம் மிகவும் வருந்தியது. நான் மருத்துவன் அல்லன். ஆகவே அவருக்கு வந்தது இதுதான் என்று உறுதி சொல்லும் உரிமை எனக்கில்லை. இருந்தாலும், வயிற்றுக் கோளாறைத் தொடர்ந்து உதடு மரத்துப்போவது, குளிர்ச்சி சுடுவதாகத் தோன்றுவது, வாரக்கணக்கில் நீடிக்கும் அரிப்பு ஆகிய மூன்றும் பவளப்பாறை மீன் சாப்பிட்ட ஒருவருக்கு வந்தால், முதலில் சிகுவாட்டெராவைத்தான் நினைக்க வேண்டும். நரம்புகளில் சோடியம் செல்லும் வாயில்களை இந்த நஞ்சு மூடவிடாமல் திறந்தே வைத்திருப்பதால் உணர்வு இப்படித் தடுமாறுகிறது. சிலருக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைந்துவிடுவதுண்டு. அதனால் வயதானவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மரணம் மிக அரிது. குணமான பிறகும் சில மாதங்களுக்கு மீன், மது, கொட்டை வகைகள் ஆகியவற்றைச் சாப்பிட்டால் அறிகுறிகள் திரும்பக்கூடும். உங்கள் மாமியார் நிலக்கடலையைக்கூடச் சிறிது காலம் தள்ளிவைப்பது நல்லது.

நஞ்சை உருவாக்குவது மீன் அல்ல. பவளப்பாறைகளின் இறந்த பரப்பிலும் அங்கே வளரும் கடற்பாசிகளின் மீதும் ஒட்டி வாழும் காம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்ணுயிர்ப் பாசிதான் அதை உருவாக்குகிறது. பிரெஞ்சு பொலினீசியாவின் காம்பியர் தீவுகளில் 1970களில் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். பெயரும் அந்தத் தீவுகளிலிருந்தே வந்தது. பாசியை மேயும் சிறு மீன்களுக்குள் நஞ்சு நுழைகிறது. அவற்றைத் தின்னும் கெராப்பு, சிவப்பு மீன், சீலா, அஞ்சாலை போன்றவற்றில் அது சேர்ந்துகொண்டே போகிறது. சமைத்தாலும் உறைய வைத்தாலும் உப்பிட்டுக் காயவைத்தாலும் அழிவதில்லை. நிறமோ மணமோ சுவையோ மாறுவதில்லை. ஆகவே செவுளைப் பார்த்து வாங்கிய உங்கள் மீதும் தவறில்லை, விற்றவர் மீதும் தவறில்லை. ஈரல், குடல், முட்டை, தலை ஆகிய பகுதிகளில் நஞ்சு கூடுதலாக இருக்கும் என்பதுதான் நம்மைப் போன்ற மீன் தலைக் கறிப் பிரியர்கள் அறிய வேண்டிய செய்தி. 2016ஆம் ஆண்டு மங்களூரில் ஏற்றுமதிக்காகச் சதையை அறுத்தெடுத்த பிறகு எஞ்சிய சிவப்பு மீன் தலைகளைச் சமைத்துச் சாப்பிட்ட பலர் ஒரே சமயத்தில் நோயுற்றார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த நஞ்சை அளப்பதில் உள்ள சிரமம் புரிந்தால், நாடுகள் ஏன் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்பதும் புரிந்துவிடும். பசிபிக் வகை நஞ்சுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு ஒரு கிலோ மீனுக்கு 0.01 மைக்ரோகிராம். அதாவது 1,00,000 டன் மீனில் ஒரு கிராம். அவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் எல்லா ஆய்வகங்களிலும் இல்லை. கருவி இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தூய நஞ்சு மாதிரி வேண்டும். 1989இல் ஜப்பானின் யாசுமோட்டோ குழுவினர் இதன் வேதியியல் அமைப்பை வெளியிட்டபோது, 4,000 கிலோ அஞ்சாலை மீன்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த தூய நஞ்சு 0.35 மில்லிகிராம் மட்டுமே. ஒரு நாடு தனியாக நின்று இதைத் தயாரித்துச் சேமித்து எல்லா மீனையும் சோதிக்க முடியாது.

அதனால்தான் பன்னாட்டு அணுசக்தி முகமை இதில் கைகொடுக்கிறது. அணுசக்திக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்து அடையாளமிட்ட ஒரு பொருளை நரம்பு ஏற்பிகளோடு (நரம்பில் நஞ்சு சென்று ஒட்டும் இடங்களோடு) பிணைய விட்டு, மீன் சாறில் உள்ள நஞ்சு அதை எவ்வளவு விலக்குகிறது என்று எண்ணும் முறை ஒன்று உண்டு. மொனாக்கோவில் உள்ள அந்த முகமையின் கடல் ஆய்வகங்கள் நம் வட்டார நாடுகள் உட்படப் பல நாடுகளின் ஆய்வாளர்களுக்கு அந்த முறையில் பயிற்சி அளித்து வந்திருக்கின்றன. தஹீத்தியிலுள்ள லூயி மலார்தே நிறுவனம் பல ஆண்டு அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்துக்குப் பாங்காக்கில் மேற்குப் பசிபிக் அலுவலகம் உண்டு. தீங்கு செய்யும் பாசிகளைப் பற்றிய வட்டாரப் பணிகளை அது ஒருங்கிணைக்கிறது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் கிளந்தானின் பாச்சோக்கில் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் மலேசியக் கடற்பகுதிகளில் காம்பியர்டிஸ்கஸ் இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே நஞ்சு எல்லாமே வெளியிலிருந்துதான் வருகிறது என்று நாம் நினைக்கக் கூடாது.

ஆய்வகங்கள் தமக்குள் கை கோத்திருக்கின்றன. மருத்துவமனைக்கும் மீன் சந்தைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே அந்தக் கை இன்னும் நீளவில்லை என்பதே என் எண்ணம்.

மீன் வியாபாரி (செலாயாங்) எழுதியது:

வணக்கம். முப்பது ஆண்டுகளாகச் செலாயாங் மொத்தச் சந்தையில் மீன் எடுத்து விற்கிறேன். தங்கையின் கேள்வி என் மனத்தை உறுத்துகிறது. ஏனென்றால் அந்தக் கடைக்காரர் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

இக்கான் மேரா என்பது ஒரு மீனின் பெயர் அல்ல. சிவப்பாக உள்ள பல மீன்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர். சேற்றுத் தரையில் பிடிபடுவதும் பவளப்பாறையில் பிடிபடுவதும் ஒரே பெயரில் ஒரே பெட்டியில் வருகின்றன. மங்களூர்ச் செய்தியில் சொல்லப்பட்ட மீன் இரட்டைப் புள்ளிச் சிவப்பு மீன் என்பது என் அறிவு. சிறியதாக இருக்கும்போது அதன் முதுகில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வளர்ந்த பிறகு மங்கிவிடும். மூக்குத் துளையிலிருந்து கண் வரை ஒரு பள்ளம் ஓடும். கோரைப் பற்கள் பெரியதாக இருக்கும். முழு மீனாக வந்தால் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். ஆனால் தலை தனியாகவும் உடல் தனியாகவும் வெட்டி உறைய வைத்து வந்தால் நானே தடுமாறுவேன். தலைக்கு நம் மக்களிடையே நல்ல விலை இருப்பதால் தனியாக வருவதும் அதிகம்.

மீன் சாப்பிட்டு உடம்புக்கு முடியவில்லை என்று வாடிக்கையாளர் புகார் சொன்னால், வியாபாரிகள் உடனே ஐஸ் போதவில்லை என்றுதான் நினைப்பார்கள். ஐஸ் போதாமல் கெடும் கெம்போங், சூரை போன்ற மீன்களால் வருவது வேறு. முகம் சிவந்து உடல் தடித்து ஒரு மணி நேரத்துக்குள் தெரியும், ஒரு நாளில் அடங்கும். அந்தப் பழக்கத்தால், இந்த நஞ்சைப் பற்றிக் கேட்டால்கூட எங்கள் மீன் புதியது என்று வாதாடுகிறோம். புதிய மீனிலும் இது இருக்கும் என்பதை வியாபாரிகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை.

என் கருத்து ஒன்று உண்டு. சிட்னி மீன் சந்தையில் சில இனங்களையும், சில கடற்பகுதி மீன்களையும், குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்டவற்றையும் ஏற்பதில்லை என்று அங்கு தொழில் செய்யும் உறவினர் சொல்லியிருக்கிறார். நம் நாடும் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் பேசி, பவளப்பாறை மீனுக்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் எடை வரம்பு வைத்துவிட்டால் என்ன? சோதனைக்குச் செலவு செய்ய முடியாத சிறு வியாபாரியும் தராசை வைத்துப் பின்பற்றலாம் அல்லவா?

ஆய்வகப் பணியாளர் (கோலாலம்பூர்) எழுதியது:

அண்ணே, தலை தனியாக வருவதால் இனம் தெரியாமல் போகிறது என்று நீங்கள் சொன்னது மிக முக்கியமான விஷயம். ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது எளிதில் தோன்றாது.

எடை வரம்பைப் பற்றி மட்டும் மரியாதையோடு மாறுபடுகிறேன். பெரிய மீன் நீண்ட காலம் தின்று வளர்ந்தது, ஆகவே நஞ்சும் அதிகம் என்பது பொதுவாகச் சரியாகத் தோன்றும். ஆனால் பிரெஞ்சு பொலினீசியாவில் பல இனங்களை அளந்து பார்த்தபோது எடைக்கும் நஞ்சுக்கும் நம்பத்தக்க தொடர்பு எல்லா இனங்களிலும் கிடைக்கவில்லை. ஒரே பாறையின் ஒரு பக்கத்து மீன் நஞ்சுள்ளதாகவும் மறுபக்கத்து மீன் நல்லதாகவும் இருக்க முடியும். எடை வரம்பை மட்டும் வைத்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள மீன் பாதுகாப்பானது என்று மக்களிடம் சொல்லிவிட்டால், அது பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும். ஸ்பெயினின் கானரித் தீவுகளில் எடை வரம்பு உண்டு. ஆனால் அங்கே அந்த வரம்பைத் தாண்டிய மீனை விற்பனைக்கு முன் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கிறார்கள். வரம்பும் சோதனையும் சேர்ந்தால்தான் பலன். ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் இந்த நஞ்சுள்ள மீனைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறது.

எனக்கு எடையைவிடப் பிடித்த இடம் முக்கியமாகத் தெரிகிறது. ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள பவளப்பாறை மீன்களை நம் வட்டாரக் கடல்களிலிருந்து பெருமளவில் வாங்கும் ஊர் அது. இந்த நச்சேற்றத்தில் நீண்ட அனுபவமும் அதற்கு உண்டு. அங்கே ஒருவர் நோயுற்றால் அந்த மீன் எந்தப் பாறையில் பிடிபட்டது என்பது அந்தப் பாறைக்குப் பக்கத்தில் வாழும் சபா மீனவருக்கும் இந்தோனேசிய மீனவருக்கும் தெரிய வேண்டும். ஏனென்றால் அவர் பிள்ளைகளும் அதே மீனைத்தான் சாப்பிடுகிறார்கள். செய்தி மீன் சென்ற வழியிலேயே திரும்பி வர வேண்டும். வட்டார ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

கடல் சூடேறுவதையும் மறந்துவிடக் கூடாது. 2010இல் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறியபோது தியோமான், ரெடாங் போன்ற இடங்களில் சில முக்குளிப்புப் பகுதிகளை நம் அரசு மூடியது நினைவிருக்கும். பவளம் இறந்தால் அதன் மேல் பாசி படர்கிறது. அந்தப் பாசி இந்த நுண்ணுயிருக்கு நிற்க இடம் தருகிறது. இன்று நஞ்சில்லாத பாறை பத்து ஆண்டுகளில் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதியளிக்க முடியாது. அதனால் ஒருமுறை ஆய்வு செய்துவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் (பட்டர்வொர்த்) எழுதியது:

அன்புடையீர், வணக்கம். பொதுச் சுகாதாரப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி உணவு நச்சேற்றம் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று. அறிவிப்பதற்கு 24 மணி நேரம்தான் அவகாசம். ஆகவே சட்டம் இல்லை என்று சொல்ல இயலாது. மருத்துவர் உணவு நச்சேற்றம் என்று எழுதினால்தான் அந்தச் சட்டம் அசையத் தொடங்கும். சகோதரி குறிப்பிட்ட நிகழ்வில் அது வயிற்றுக் கோளாறாகவும் நரம்புத் தளர்ச்சியாகவும் இரண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதவில்லை. எழுதாத நோய் கணக்கில் வராது; கணக்கில் வராத நோய்க்கு எந்த அமைச்சும் பணம் ஒதுக்காது. நான் பணியில் இருந்த காலத்தில் இப்படிக் கை நழுவிப் போனவை எத்தனையோ என்று நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எல்லை தாண்டிச் செய்தி சொல்லவும் வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் நடத்தும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் வலையமைப்பு உண்டு. ஆசியான் நாடுகளுக்கு உணவு, தீவனம் குறித்த அவசர எச்சரிக்கை அமைப்பு ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2018இல் ரோமில் சிகுவாட்டெராவுக்காகவே வல்லுநர் கூட்டம் நடத்தி, 2020இல் அறிக்கை வெளியிட்டன. இந்த ஏற்பாடுகள் எல்லாமே கீழேயிருந்து செல்லும் ஒரு தகவலுக்காகக் காத்திருக்கின்றன. அந்தத் தகவல் ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டின் சமையலறையில்தான் பிறக்கிறது.

பினாங்கு மக்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. நாட்டின் தேசிய நச்சு மையம் நம் மாநிலத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இயங்குகிறது. நாடெங்கிலும் உள்ள மருத்துவர்களும் பொதுமக்களும் அதைத் தொடர்புகொள்ளலாம். மருத்துவருக்கு இந்த நோய் பழக்கமில்லை என்றால் அவரை அந்த மையத்தோடு பேசச் சொல்லலாம். சிப்பி, மட்டி சாப்பிட்டு உதடு மரத்துப்போனால் காத்திருக்கவே கூடாது. அது வேறு நஞ்சு, மூச்சுத் தசைகளையே நிறுத்திவிடும். சபாவில் 1976 முதல் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தத் துயரத்திலிருந்துதான் சபா மீன்வளத் துறை செந்நீர்க் கண்காணிப்பை, அதாவது கடலில் நச்சுப் பாசி பெருகுவதைக் கண்காணிக்கும் பணியை, தொடங்கியது. பவளப்பாறை மீனுக்கும் அப்படியொரு கண்காணிப்பு வர உயிர்ப்பலி வேண்டியதில்லை என்பதே என் வேண்டுகோள்.

ஜெலுத்தோங் வாசகி (பினாங்கு) எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர் சுட்டது கற்பனை இல்லை என்று தெரிந்ததும் அவர் அழுதுவிட்டார். இரண்டு மாதங்களாக நாங்களே அவரை முழுமையாக நம்பவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. மீதித் துண்டுகளை அன்றே கொட்டிவிட்டோம். சோதிக்க எதுவும் இல்லாத நிலையில், இத்தனை நாள் கழித்து அறிவித்தால் ஏற்பார்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்று எங்களோடு சாப்பிட்ட என் நாத்தனார் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் (பட்டர்வொர்த்) எழுதியது:

சகோதரி, தாய்ப்பால் வழியாக இந்த நஞ்சு குழந்தைக்குச் சென்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ அசாதாரண அழுகையோ சொறியோ அப்போது வராமல் இருந்து, இப்போது நன்றாகப் பால் குடித்து எடையும் கூடி வந்தால் அது நல்ல அறிகுறி. ஆயினும் குழந்தையை அடுத்த முறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது தாதியிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மீன் மிஞ்சவில்லை என்பதற்காக அறிவிக்காமல் இருக்க வேண்டாம். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சாப்பிட்ட நாள், வாங்கிய பசார், மீனைக் கடைக்காரர் என்ன பெயரில் விற்றார், யார் எந்தப் பகுதியைச் சாப்பிட்டார், எத்தனை மணி நேரத்தில் எது தொடங்கியது, எது எவ்வளவு நாள் நீடித்தது என்பவற்றை நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். கன்னச் சதையைச் சாப்பிட்டவருக்கு மட்டும் கடுமையாக வந்தது என்ற ஒரு வரியே ஆய்வாளருக்குப் பெரிய தடயம். கடிதத்தின் நகலைக் கிளினிக்குக்கும் கொடுங்கள். குறை சொல்லும் தொனி இல்லாமல், அடுத்து வருபவருக்கு உதவட்டும் என்று கொடுங்கள். இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால், மீதியை ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, யாரும் சமைக்காதபடி மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். உறைந்தாலும் நஞ்சு கெடாது என்பது அந்த ஓர் இடத்தில் நமக்கு உதவும்.

மீன் வியாபாரி (செலாயாங்) எழுதியது:

தம்பி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எடையை மட்டும் நம்பியது என் தவறு. சந்தையில் எனக்குப் பெட்டி அனுப்பும் மூன்று மொத்த வியாபாரிகளிடம் நேற்றுப் பேசினேன். தலையைத் தனியாக அனுப்பினால் எந்தத் துறைமுகத்தில் இறங்கிய மீன் என்பதைப் பெட்டியில் எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒருவர் யோசிப்பதாகச் சொன்னார். மூன்றாமவர், எழுதினால் நாளை ஏதாவது நேரும்போது தன் மீது பழி வரும் என்று மறுத்துவிட்டார். அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. எழுதியவரைத் தண்டிக்காமல், எழுதாதவரைக் கேள்வி கேட்கும் முறையை அரசுதான் கொண்டுவர வேண்டும். அதுவும் நான்கைந்து நாடுகளில் ஒரே மாதிரி வந்தால்தான் எல்லை தாண்டி வரும் பெட்டியிலும் அந்தச் சீட்டு இருக்கும். ஒப்புக்கொண்டவரின் பெட்டிகள் வியாழக்கிழமை வருகின்றன. சீட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.